போஸ்ட்கிரெஸ் 14-இலிருந்து எந்தப் பதிப்புக்கு, எந்த வழியில்? திரும்பும் வழியை அளவுகோலாகக் கொண்ட ஓர் ஒப்பீடு

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் 14-ஆம் பதிப்பு 2021 செப்டம்பர் 30 அன்று வெளியானது. ஒவ்வொரு பெரும் பதிப்பையும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பராமரிப்பது அத்திட்டத்தை நடத்தும் குழுவின் நெறி. அதன்படி 2026 நவம்பர் 12 அன்று வரவிருக்கும் திருத்த வெளியீடே 14-க்குக் கடைசி. மறுநாள் காலையில் எந்தச் சர்வரும் நின்றுவிடப் போவதில்லை. வினவல்களுக்கு விடை வரும், பரிவர்த்தனைகள் பதிவாகும், இரவு பேக்கப்பும் வழக்கம்போல் ஓடும். ஆனால் அந்நாளுக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கும் தரவைச் சிதைக்கும் பிழைகளுக்கும் 14-இல் திருத்தம் வராது. வெளியே ஒன்றுமே மாறியதாகத் தெரியாது என்பதால்தான் இந்த முடிவு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடப்படுகிறது.

14-ஐப் பயன்படுத்துவோரில் பலர் அதைத் தேர்ந்தெடுத்ததே இல்லை என்பதும் நினைவில் கொள்ள வேண்டியது. 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04 இயங்குதளம், மென்பொருள்களை நிறுவ எடுத்துத் தரும் தன் களஞ்சியத்தில் 14-ஐ வைத்திருந்தது; பதிப்பு எண்ணைக் குறிப்பிடாமல் போஸ்ட்கிரெஸை நிறுவியவர்களுக்கு அதுவே கிடைத்தது. ஒரு கல்லூரியின் மாணவர் பதிவேடோ, ஒரு மருத்துவமனையின் ஆய்வக முடிவுகளோ, ஒரு மொத்த வியாபாரியின் கணக்கோ அதன்மேல் அமர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட இடங்களில் எந்தப் பதிப்பு, எந்த வழி என்று உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்க வேண்டிய முதல் தருணம் இதுதான்.

ஒப்பீடு என்றவுடன் பலரும் புதிய பதிப்புகளின் வசதிப் பட்டியலைத்தான் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அது இரண்டாம் நிலைக் கேள்வி என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு தெரிவையும் முதலில் சோதிக்க வேண்டிய அளவுகோல், ஏதேனும் தவறினால் எந்தத் தருணம் வரை பழைய நிலைக்குத் திரும்ப முடியும், அப்படித் திரும்பும்போது எவ்வளவு தரவை இழப்போம் என்பதே. பெரும் பதிப்பு மாற்றத்தில் பின்னோக்கிச் செல்ல நேர்வழி கிடையாது: 17-ஆகவோ 18-ஆகவோ மாறிவிட்ட தரவு அடைவை (தரவுக் கோப்புகள் இருக்கும் கோப்புறையை) 14-இன் சர்வரால் திறக்க இயலாது. ஆகவே திரும்பும் வழி தானாக அமைவதில்லை. புறப்படும் முன்பே நாம்தான் அதை அமைத்துக்கொள்ள வேண்டும்.

இருந்த இடத்திலேயே இருப்பது

முதல் தெரிவு ஒன்றும் செய்யாமல் இருப்பது. இதற்கு என்ன விலை என்பதை 12-ஆம் பதிப்பின் கதை தெளிவாகக் காட்டுகிறது. அதன் கடைசி வெளியீடான 12.22, 2024 நவம்பர் 21 அன்று வந்தது. மூன்று மாதங்கள்கூட நிறைவடையாத நிலையில், 2025 பிப்ரவரி 13 அன்று சிவிஇ-2025-1094 என்று எண்ணிடப்பட்ட பாதுகாப்புக் குறை அறிவிக்கப்பட்டது. பயனர் தரும் உரையை மேற்கோள் குறிகளுக்குள் பாதுகாப்பாக அடைக்க வேண்டிய லிப்பிகியூ நூலகத்தின் (செயலிகள் போஸ்ட்கிரெஸுடன் பேச உதவுவது) செயற்கூறுகள், குறியாக்கம் பிழையான உரையைச் சரியாகக் கையாளாததால், பாதுகாப்பானது என்று நம்பப்பட்ட இடத்திலேயே எஸ்கியூஎல் ஊடுருவலுக்கு, அதாவது பயனர் தந்த உரையைத் தரவுத்தள ஆணையாகவே ஓட வைக்கும் தாக்குதலுக்கு, வழி திறந்திருந்தது. 13 முதல் 17 வரையிலான ஐந்து பதிப்புகளுக்கும் அன்றே திருத்தம் வந்தது, 12-க்கு வரவில்லை. ஆதரவு முடிந்த பதிப்பில் இருப்பவருக்குக் கூடுதலாக ஓர் இடர் உண்டு. புதிய பதிப்புகளுக்கான திருத்தத்தின் மூலநிரல் எல்லோர் கண்ணிலும் படும்படி வெளியாவதால், திருத்தப்படாத பழைய பதிப்பில் எங்கே தாக்கலாம் என்பதும் அதே நாளில் வெளியாகிவிடுகிறது.

இந்தத் தெரிவுக்கு நியாயமான வடிவம் இரண்டு உண்டு. ஒன்று, இயங்குதள விநியோகத்தின் பராமரிப்பைச் சார்ந்திருப்பது. உபுண்டு 22.04-இன் வழக்கமான பராமரிப்பு 2027 வரை தொடர்வதால், அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவப்பட்ட 14-க்குப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பின்பொருத்தித் தரும் பொறுப்பு உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனத்துடையது. ஆனால் போஸ்ட்கிரெஸ் குழுவே நடத்தும் ஆப்ட் களஞ்சியத்திலிருந்து நிறுவியிருந்தால் இந்த ஏற்பாடு பொருந்தாது. தங்கள் பொட்டலம் எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்பதே பல இடங்களில் தெரியாமல் இருப்பதால், முதலில் அதைப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். மேலும் இத்தகைய பராமரிப்பு பாதுகாப்புக் குறைகளை மையமாகக் கொண்டது. ஒரு குறிப்பிட்ட சூழலில் இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டிப்பட்டியல்) சிதைகிறது என்பது போன்ற பிழைக்கும் அதே அக்கறை கிடைக்கும் என்று எண்ணித் திட்டமிடக் கூடாது.

மற்றொன்று, பணம் கொடுத்துக் காலத்தை நீட்டிப்பது. அமேசானின் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ்-இல் 14-க்கான வழக்கமான ஆதரவு 2027 பிப்ரவரி 28 வரை உண்டு. அதன்பின் நீட்டித்த ஆதரவு தொடங்கி, ஒவ்வொரு மெய்நிகர் சிபியுவுக்கும் மணிக்கணக்கில் கட்டணம் ஏறும். அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியா வட்டாரத்தில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இது மணிக்கு 0.10 டாலர், மூன்றாம் ஆண்டில் 0.20 டாலர். நான்கு சிபியு கொண்ட ஒற்றைச் சர்வருக்கே ஆண்டுக்கு 3,504 டாலர் ஆகிறது. வேறொரு மண்டலத்தில், முதன்மைச் சர்வரின் நகலாக நிற்கும் காத்திருப்புச் சர்வரும் இருந்தால் அதற்கும் தனியாகச் செலுத்த வேண்டும். வட்டாரத்துக்கு வட்டாரம் விலை மாறும் என்றாலும் கணக்கின் போக்கு ஒன்றுதான்: தள்ளிப்போடும் காலம் நீள நீள, மேம்படுத்தலுக்கு ஆகக்கூடிய உழைப்பின் விலையைக் கட்டணம் தாண்டிவிடும். செயலியை எழுதிய நிறுவனம் புதிய பதிப்புக்கு இன்னும் சான்று தராத இடங்களில் இந்தச் செலவுக்குப் பொருள் உண்டு. மற்ற இடங்களில் அது வாங்கித் தருவது அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தில் செய்யப்போகும் வேலைக்குத் தேதி குறிக்கப்படாவிட்டால் வாங்கியதில் பயனில்லை.

எந்தப் பதிப்புக்கு

14-இலிருந்து 15, 16, 17 என்று படிப்படியாக ஏற வேண்டிய கட்டாயம் இல்லை. போஸ்ட்கிரெஸுடன் வரும் மேம்படுத்தும் கருவியான பிஜி அப்கிரேட், பல பெரும் பதிப்புகளைத் தாண்டி ஒரே தாவலில் கொண்டு சேர்க்கும். ஆகவே இடைப்பட்ட பதிப்பில் நிற்பதற்குத் தனியான காரணம் வேண்டும். 15-இன் ஆதரவு 2027 நவம்பர் 11 அன்றும், 16-இன் ஆதரவு 2028 நவம்பர் 9 அன்றும் முடிகின்றன. அடுத்த ஆண்டே மீண்டும் இதே வேலையைச் செய்ய வைக்கும் 15-ஐ இப்போது தேர்ந்தெடுப்பதை என்னால் பரிந்துரைக்க இயலாது. 16-ஐ, வாங்கிய செயலியின் ஒப்பந்தம் அதற்கு மேல் அனுமதிக்காத இடத்தில் மட்டும் ஏற்கலாம்.

உண்மையான போட்டி 17-க்கும் 18-க்கும் இடையில்தான். 17-இன் ஆதரவு 2029 நவம்பர் 8 வரை. 2025 செப்டம்பர் 25 அன்று வெளியான 18-க்கு 2030 நவம்பர் 14 வரை. இரண்டுமே அடுத்த மேம்படுத்தலை எளிதாக்குகின்றன என்பது 16-இல் கிடைக்காத ஒரு நன்மை. பழைய சர்வர் 17 அல்லது அதற்கு மேற்பட்டதாக இருந்தால்தான் பிஜி அப்கிரேட், லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (மாற்றங்களை வரிசை வரிசையாக வேறு சர்வருக்கு அனுப்பும் முறை) எதுவரை சென்றது என்று குறித்து வைக்கும் ஸ்லாட்டுகளைக் காப்பாற்றிப் புதிய சர்வருக்குக் கொண்டு செல்லும். காத்திருப்புச் சர்வரை நேரடியாக லாஜிக்கல் சந்தாதாரராக (அப்படி அனுப்பப்படுவதைப் பெறும் சர்வராக) மாற்றித் தரும் பிஜி கிரியேட் சப்ஸ்கிரைபர் கருவியும் 17-இல்தான் வந்தது. 14-இல் இருப்பவர்களுக்கு இந்த முறை இவை இரண்டும் கைக்கு எட்டாது. 2029-லோ 2030-லோ செய்யப்போகும் வேலைக்கு இவை பெரும் துணையாக இருக்கும்.

18-க்கு ஆதரவாக நான் மிகவும் மதிக்கும் வாதம் மேம்படுத்தும் இரவைப் பற்றியது. 17 வரை பிஜி அப்கிரேட் தரவைக் கொண்டு சென்றதே தவிர, எந்த அட்டவணையில் மதிப்புகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று வினவல் திட்டமிடுநர் வைத்திருக்கும் புள்ளிவிவரங்களைக் கொண்டு செல்லவில்லை. அதனால் புதிய சர்வர் திறந்தவுடன், நொடியில் முடிந்த வினவல்கள் தவறான திட்டத்துடன் நிமிடக்கணக்கில் ஓடுவதும், புதிய பதிப்பே மோசம் என்று அலுவலகம் முழுக்கப் பேச்சு எழுவதும் நடந்தன. புள்ளிவிவரங்களைத் திரட்டும் அனலைஸ் ஆணையை எல்லாத் தரவுத்தளங்களிலும் ஓட்டி முடித்த பிறகே சர்வரைத் திறந்துவிட வேண்டும் என்பது இதனால்தான். 18-இன் பிஜி அப்கிரேட், பல நெடுவரிசைகளைச் சேர்த்துக் கணிக்கும் விரிவான புள்ளிவிவரங்கள் நீங்கலாக, மற்றவற்றைப் பழைய சர்வரிலிருந்தே எடுத்து வருகிறது. விடுபட்டவற்றை மட்டும் கணக்கிடச் சொல்லும் வசதியும் வேக்கியூம்டிபி கருவியில் சேர்ந்துள்ளது. பெரிய தரவுத்தளத்தில் இது சேவை நின்றிருக்கும் நேரத்தைக் கணிசமாகக் குறைக்கும்.

18-க்கு எதிரான வாதமும் அற்பமானதன்று. வட்டிலிருந்து படிக்கும் முறையே அதில் மாறியிருக்கிறது: ஒரு வாசிப்பு முடியும் வரை காத்திராமல் அடுத்ததையும் கேட்கும் ஒத்திசைவற்ற உள்ளீடு-வெளியீட்டுக் கட்டமைப்பு புதிதாக வந்துள்ளது. ஐயம் இருப்பவர்கள் அமைப்புக் கோப்பில் அதைப் பழைய ஒத்திசைவு முறைக்கே மாற்றி ஓட்டலாம் என்பதால் இது தடையாகாது. சற்று அதிகம் தடுமாற வைப்பது செக்சம் மாற்றம். 18-இல் புதிய கிளஸ்டரை (ஒரு சர்வரின் முழுத் தரவுத் தொகுப்பை) உருவாக்கும்போது தரவுப் பக்கங்களுக்கான செக்சம், அதாவது கெடுதலைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண், தானாகவே இயக்கப்படும். 14-இல் கேட்டால்தான் இயக்கப்பட்டது. இரு பக்கமும் ஒத்திருக்காவிட்டால் பிஜி அப்கிரேட் மறுத்துவிடும். செக்சம் இல்லாமல் புதிய கிளஸ்டரை உருவாக்குவது ஒரு தீர்வு. பழைய சர்வரை நிறுத்திவிட்டுப் பிஜி செக்சம்ஸ் கருவியால் அதில் செக்சத்தை இயக்குவது மற்றொன்று. இது எல்லாக் கோப்புகளையும் திருத்தி எழுதும் வேலை என்பதால் மேம்படுத்தும் இரவுக்கு முன்பே வேறொரு வார இறுதியில் முடித்துவிடுவது நல்லது. வட்டு அமைதியாகத் தரவைக் கெடுப்பதைக் கண்டறிய உதவுவதால், இரண்டாவது வழியின் சிரமத்தை ஏற்றுக்கொள்வதையே நான் விரும்புவேன்.

தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது போஸ்ட்கிரெஸில் கூடுதலாகச் சேர்க்கும் நீட்சிகள், முடிவு செய்யும். போஸ்ட்ஜிஐஎஸ், டைம்ஸ்கேல்டிபி போன்றவற்றை நம்பியிருப்பவர், அவை தாம் விரும்பும் பெரும் பதிப்புக்குத் தம் களஞ்சியத்தில் கிடைக்கின்றனவா என்று பார்த்த பிறகே பேச்சைத் தொடர வேண்டும். கிடைக்கின்றன என்றால் 18. இல்லையென்றால் தயங்காமல் 17. எதுவானாலும் அப்போதைய கடைசித் திருத்த வெளியீட்டையே நிறுவ வேண்டும். 14-லேயே இதற்குச் சான்று இருக்கிறது: 14.0 முதல் 14.3 வரை, எழுத்தைத் தடுக்காமல் இன்டெக்ஸ் உருவாக்கும் வசதியில் இருந்த பிழை இன்டெக்ஸ்களைச் சிதைக்கக்கூடியதாக இருந்தது. 2022 ஜூன் 16 அன்று வந்த 14.4 அதைத் திருத்தியது. இலையுதிர்காலத்தில் ஒரு புதிய பெரும் பதிப்பு வருவது வழக்கம் என்பதால், 14 முடியும் நேரத்தில் 19-இன் முதல் வெளியீடு புத்தம் புதிதாக நிற்கும். அதைக் கெடுவுக்கு அஞ்சி அவசரமாக எடுப்பது வேண்டாம்.

எந்த வழியில்

மூன்று வழிகள் உள்ளன. முழுத் தரவையும் டம்ப் எடுத்து (புதிய பதிப்பும் படிக்கக்கூடிய கோப்பாக எழுதி) புதிய சர்வரில் ஏற்றுவது மிகப் பழையது, மிக எளிதில் விளங்குவது. எல்லாமே புதிதாக எழுதப்படுவதால் அட்டவணைகளில் சேர்ந்திருந்த வீண் இடம் நீங்குகிறது, இன்டெக்ஸ்கள் புதிதாகப் பிறக்கின்றன, செக்சம் தொல்லையும் இல்லை. பழைய சர்வர் தொடப்படாமல் அப்படியே இருக்கிறது. இதன் விலை நேரம்: டம்ப் தொடங்கியதிலிருந்து ஏற்றி முடிக்கும் வரை எழுத்தை நிறுத்தி வைக்க வேண்டும், இணையாகப் பல செயல்முறைகளை ஓட்டினாலும் தரவின் அளவோடு நேரமும் வளரும். சில பத்து ஜிபி அளவுள்ள தரவுத்தளத்துக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நிறுத்தி வைக்க முடியுமென்றால், வேறு எதையும் யோசிக்க வேண்டியதே இல்லை. உபுண்டு, டெபியன் பயனர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்குள்ள பிஜி அப்கிரேட் கிளஸ்டர் என்ற உறைக்கருவி, முறையைக் குறிப்பிடாவிட்டால் டம்ப் எடுத்து ஏற்றும் வழியிலேயே செல்லும். பெயரைப் பார்த்து அதுவும் பிஜி அப்கிரேடும் ஒன்றென்று எண்ணிப் பெரிய தரவுத்தளத்தில் ஓட்டிவிட்டால், காலையில் கடை திறக்கும்போதும் வேலை முடிந்திருக்காது.

இரண்டாவது வழியான பிஜி அப்கிரேட், தரவுக் கோப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, அமைப்பு அட்டவணைகளை மட்டும் புதிய பதிப்புக்கு ஏற்பத் திரும்ப எழுதுகிறது. இதற்குள் இருக்கும் முறைகளுக்கு இடையிலான வேறுபாடுதான் திரும்பும் வழியைத் தீர்மானிப்பது. நகல் முறையில் எல்லாக் கோப்புகளும் பிரதியெடுக்கப்படும். இரட்டிப்பு வட்டிடமும் நேரமும் ஆகும், ஆனால் பழைய கிளஸ்டர் பழுதின்றி நிற்கும். குளோன் முறையும் அதே பாதுகாப்பைத் தரும், நேரமும் இடமும் ஏறத்தாழ இல்லாமலே. எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற, ஒரே தரவை இரு கோப்புகள் பகிர்ந்து மாறும்போது மட்டும் பிரியும் ரெஃப்லிங்க் வசதியுள்ள கோப்பு முறைமை இருந்தால் மட்டுமே இது கிடைக்கும். லிங்க் முறையில் பழைய, புதிய கிளஸ்டர்கள் இரண்டும் ஒரே கோப்புகளைப் பகிர்கின்றன. தரவு எவ்வளவு பெரிதானாலும் வேலை விரைவில் முடிந்துவிடும். ஆனால் புதிய சர்வரை ஒருமுறை இயக்கிவிட்டால் பழையதைப் பாதுகாப்பாக இயக்க இயலாது. 18-இல் வந்த ஸ்வாப் முறை, அடைவுகளையே இடம் மாற்றுவதால், இலட்சக்கணக்கான அட்டவணைகளும் இன்டெக்ஸ்களும் உள்ள இடத்தில் லிங்க்கைவிடவும் வேகமானது. ஆனால் கோப்புகளை மாற்றத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே பழைய கிளஸ்டர் போய்விடுகிறது.

வேகம் வேண்டும், திரும்பும் வழியும் வேண்டும் என்பவர்களுக்கு ஓர் ஏற்பாடு உண்டு; நடுத்தர அளவிலான நிறுவனங்களுக்கு நான் முதலில் சொல்வது இதையே. காத்திருப்புச் சர்வர் ஒன்று ஏற்கெனவே இருந்தால், முதன்மைச் சர்வரை முறையாக நிறுத்தி, கடைசிப் பதிவு வரை காத்திருப்புச் சர்வர் பெற்றுவிட்டதை உறுதிசெய்து, அதையும் 14-லேயே நிறுத்தி வைத்துவிட வேண்டும். பிறகு முதன்மைச் சர்வரில் லிங்க் முறையில் மேம்படுத்தலாம். சோதனையில் ஏதேனும் கோணலாகத் தெரிந்தால், நிறுத்தி வைத்த சர்வரை முதன்மையாக உயர்த்தி, செயலியை அதன் பக்கம் திருப்பினால் பழைய நிலை வந்துவிடும். வட்டிடத்தை இரட்டிப்பாக்காமல், நிமிடங்களில் முடியும் வேகத்தையும் விடாமல், நகல் முறையின் பாதுகாப்பு கிடைக்கிறது. எல்லாம் சரியென்று மனம் அமைந்த பிறகு அந்தக் காத்திருப்புச் சர்வரை அழித்துப் புதிய பதிப்பிலிருந்து மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

இதுவரை சொன்ன எல்லா வழிகளுக்கும் பொதுவான வரம்பு ஒன்று இருக்கிறது. மேம்படுத்தல் திட்டங்களில் அடிக்கடி விடுபடுவது அதுதான். பயனர்களுக்குச் சர்வரைத் திறந்துவிட்டு, முதல் புதிய பதிவு எழுதப்பட்டவுடன், திரும்புவதன் பொருள் மாறிவிடுகிறது. பழைய கிளஸ்டர் பழுதில்லாமல் இருந்தாலும் அதில் அந்தப் பதிவு இல்லை. திங்கட்கிழமை காலை திறந்து, பிற்பகல் மூன்று மணிக்குக் கடுமையான சிக்கல் தெரிந்தால், திரும்புவது என்பது அன்றைய பற்றுச்சீட்டுகளையும் சேர்க்கைகளையும் கைவிடுவதாகும் அல்லது கையால் மறுபடி ஏற்றுவதாகும்.

இந்த வரம்பைத் தாண்டக்கூடியது மூன்றாவது வழியான லாஜிக்கல் ரெப்ளிகேஷன் மட்டுமே. 14 வெளியீட்டாளராகவும் 18 சந்தாதாரராகவும் இருக்க, தரவு வரிசை வரிசையாகப் புதிய சர்வருக்குப் பாய்கிறது. இரண்டும் சமநிலைக்கு வந்ததும் எழுத்தைச் சில நிமிடங்கள் நிறுத்திச் செயலியைப் புதிய சர்வருக்கு மாற்றுகிறோம். மாற்றும் அந்த இடைவெளியிலேயே முன்னோக்கிய சந்தாவை நீக்கி, 18-இலிருந்து 14-க்குப் பின்னோக்கிய சந்தாவை, தொடக்க நகல் எடுக்காமல், அமைத்துவிட்டால், புதிய பதிவுகளும் பழைய சர்வருக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு வாரம் கழித்துச் சிக்கல் தெரிந்தாலும் தரவை இழக்காமல் திரும்பலாம்.

இதற்கு ஈடாக அது கேட்கும் உழைப்பு அதிகம். அட்டவணை அமைப்பில் செய்யும் மாற்றங்கள் இவ்வழியே பாயாது. ஆகவே தொடக்கம் முதல் முடிவு வரை செயலியின் புதிய வெளியீடுகளை நிறுத்தி வைக்க வேண்டும். 14-இலிருந்து செல்லும்போது வரிசை எண்களை வழங்கும் சீக்குவென்ஸ்களின் நடப்பு மதிப்பும் பாயாது; மாற்றும் நேரத்தில் அவற்றைக் கையால் உயர்த்த மறந்தால், ஏற்கெனவே பயன்பட்ட எண்களே மறுபடி வழங்கப்பட்டு, முதல் பதிவிலேயே செயலி பிழை காட்டும். லார்ஜ் ஆப்ஜெக்ட் வகையில் சேமித்த கோப்புகள் விடுபடும். ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி இல்லாத அட்டவணைகளில் திருத்தமும் நீக்கமும் வேறு ஏற்பாடு இல்லாமல் நடவாது. பழைய செயலிகளில் அத்தகைய அட்டவணை ஒன்றிரண்டாவது ஒளிந்திருக்கும். சந்தாதாரர் பக்கம் தடைபட்டு நின்றால், அதற்காகக் காத்திருக்கும் வால் (WAL, ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே எழுதி வைக்கும் குறிப்பேடு) பதிவுகள் பழைய சர்வரின் வட்டை நிரப்பி, சரியாக ஓடிக்கொண்டிருந்த சேவையையே நிறுத்திவிடக்கூடும். இதைக் கண்காணிக்க ஆள் இல்லாத இடத்தில் இவ்வழியைத் தொடங்குவது, இருந்த பாதுகாப்பையும் இழப்பதாகும். சில நிமிடங்களுக்கு மேல் நிறுத்தவே முடியாத சேவைகளுக்கும், ஒரு நாள் பதிவைக்கூட இழக்க இயலாத பணப் பரிமாற்ற அமைப்புகளுக்கும் இதுவே சரியான வழி. மற்றவர்கள் இதன் கவர்ச்சிக்கு ஆட்பட வேண்டியதில்லை.

இயங்குதளத்தையும் சேர்த்தே மாற்றலாமா

சர்வரை நிறுத்தத்தான் போகிறோம், உபுண்டுவையும் அதே இரவில் உயர்த்திவிடலாம் என்ற எண்ணம் இயல்பாக எழும். இரண்டையும் பிரித்துச் செய்ய வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. உரையை அகரவரிசைப்படுத்தும் விதியைப் போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் இயங்குதளத்தின் ஜிலிப்சி நூலகத்திடமிருந்தே பெறுகிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த விதிகளைப் பெரிய அளவில் மாற்றியபோது, பழைய வரிசையில் கட்டப்பட்ட இன்டெக்ஸ்களைப் புதிய விதியுடன் தேடிய சர்வர்கள், இருக்கும் பதிவை இல்லை என்றன. ஒரே ஒருமுறைதான் வரலாம் என்று கட்டுப்படுத்திய நெடுவரிசையில் ஒரே மதிப்பு இருமுறை நுழைந்தது. 22.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.35 என்பதால் அந்தக் குறிப்பிட்ட பள்ளம் பின்னால் போய்விட்டது. எனினும் நூலகம் மாறும் ஒவ்வொரு முறையும் உரை இன்டெக்ஸ்களை ஐயத்துடன் பார்க்கும் வழக்கம் நல்லது. தரவுத்தளத்தின் இயல்பான வரிசை விதி எந்தப் பதிப்பைச் சேர்ந்தது என்று குறித்து வைத்து, மாறினால் எச்சரிக்கும் வசதி 15-இல்தான் வந்தது; 14-இல் இருப்பவருக்கு அந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது.

போஸ்ட்கிரெஸ் குழுவின் ஆப்ட் களஞ்சியம் 22.04-க்கும் 17, 18 ஆகியவற்றை வழங்குவதால், இயங்குதளத்தை அப்படியே வைத்துக்கொண்டு தரவுத்தளத்தை மட்டும் மாற்றலாம். உபுண்டுவைப் பிறகு தனியாக உயர்த்தும்போது உரை இன்டெக்ஸ்களை மறுபடி கட்டிக்கொண்டால் போதும். சிக்கல் எழுந்தால் காரணம் எது என்று தேட ஒரே ஓர் இடம்தான் இருக்கும் என்பது இந்தப் பிரிவினையின் பெரும் நன்மை. டம்ப் வழியில் செல்பவர்களுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு தளரும். அங்கே இன்டெக்ஸ்கள் புதிய விதியின்படியே கட்டப்படுகின்றன.

பிஜி அப்கிரேட் வழியில் செல்பவர்கள் முன்னதாகவே பிஜி ஆம்செக் கருவியால் இன்டெக்ஸ்களைச் சோதிக்க வேண்டும். கோப்புகள் அப்படியே புதிய பதிப்புக்குச் செல்வதால், 2022 தொடக்கத்தில் 14-இன் ஆரம்ப வெளியீடுகளில் எப்போதோ சிதைந்த இன்டெக்ஸ் ஒன்று இன்றும் இருந்தால், அதுவும் சேர்ந்தே பயணம் செய்யும். புதிய பதிப்பின் குற்றமாக அது பின்னர் எண்ணப்படும்.

சுற்றியிருப்பவை

மேம்படுத்தலில் தடுமாறுவது பெரும்பாலும் தரவுத்தளத்தைச் சூழ்ந்துள்ள சிறு கருவிகள்தாம். பேக்கப்பைத் தொடங்கவும் முடிக்கவும் பழைய பெயர்களில் இருந்த செயற்கூறுகள் 15-இல் நீக்கப்பட்டதால், கையால் எழுதிய பேக்கப் ஸ்கிரிப்டுகள் முதல் இரவே தோற்கும். 17-இல் பின்னணி எழுத்தர் பற்றிய புள்ளிவிவரப் பார்வையிலிருந்து சில நெடுவரிசைகள் வேறிடத்துக்குப் போனதால், கண்காணிப்புத் திரையில் சில கட்டங்கள் வெறுமையாகும். அதே 17-இல், இன்டெக்ஸ் கட்டுதல், வீண் இடத்தை மீட்கும் வேக்கியூம் போன்ற பராமரிப்பு வேலைகள் பாதுகாப்பான தேடல் பாதையுடன் (பெயர்களை எங்கே தேடுவது என்ற பட்டியலுடன்) மட்டுமே ஓடுவதால், சொந்தச் செயற்கூறை வைத்துக் கட்டிய இன்டெக்ஸ்களில் அச்செயற்கூறு தன் தேடல் பாதையை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். 14-க்கு முன்பிருந்தே தொடரும் பயனர் கணக்குகளில் பழைய எம்டி5 முறையிலான கடவுச்சொல் பதிவுகள் தங்கியிருக்கலாம். 18-இல் அவை இன்னும் வேலை செய்தாலும் கைவிடப்படப் போவதாக அறிவிக்கப்பட்டுவிட்டதால், அதைவிட வலுவான ஸ்கிராம் முறைக்கு இப்போதே மாற்றிவிடுவது நல்லது. அதற்கு முன் செயலியைத் தரவுத்தளத்துடன் இணைக்கும் டிரைவர் ஸ்கிராமை அறியுமா என்று பார்க்க வேண்டும்.

பேக்கப்பைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 14-இல் எடுத்த முழு பேக்கப்பையும் வால் பதிவுகளையும் கொண்டு 18-இன் எந்த நேரத்துக்கும் மீட்க முடியாது. புதிய சர்வரில் முதல் முழு பேக்கப் முடியும் வரை, நினைத்த நொடிக்கு மீட்கும் வசதி நமக்கு இல்லை. அந்த பேக்கப்புக்கு ஆகும் நேரத்தையும் சேவை நின்றிருக்கும் நேரக் கணக்கில் சேர்ப்பதா, திறந்துவிட்ட பிறகு எடுப்பதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

தேதி

2026-இல் தீபாவளி நவம்பர் 8 அன்று வருகிறது. 14-இன் கடைசி வெளியீடு அதற்கு நான்கு நாள் கழித்து. வணிகத் தளங்கள் அந்த மாதத்தில் எதையும் தொட விரும்பமாட்டா என்பதால், அவர்களுக்கு நடைமுறையில் கெடு செப்டம்பர் மாதமே. தவறினால் அடுத்த அமைதியான இடைவெளி பொங்கல் விடுமுறையில்தான் வாய்க்கும். அதுவரை 14-இலேயே இருப்பது பெரும் குற்றமாகாது. நவம்பர் வெளியீட்டை நிறுவியிருந்தால், அடுத்த வழக்கமான திருத்த வெளியீடு பிப்ரவரியில்தான் வரும். பிப்ரவரியைத் தாண்டினால் 12-இல் தங்கியவர்களின் நிலை நமக்கும் வரும்.

அதற்கு முன் ஒத்திகை வேண்டும். உண்மையான பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்த முழு அளவு நகலில், உண்மையான இரவில் செய்யப்போகும் அதே வரிசையில், கடிகாரத்தை வைத்துக்கொண்டு செய்வதே ஒத்திகை. மாதிரித் தரவில் செய்தது கணக்கில் வராது. பிஜி அப்கிரேடின் சரிபார்ப்பு ஓட்டம் வெற்றி என்று சொல்வது தொடக்க நிபந்தனைகளை மட்டுமே குறிக்கும். ஒத்திகையில் கிடைத்த நேரத்தைக் கொண்டு, அந்த இரவுக்கான திரும்பும் கெடுவை எழுத்தில் குறிக்க வேண்டும்: இத்தனை மணிக்குள் சோதனைகள் முடியாவிட்டால் பழைய சர்வருக்குத் திரும்புவோம், அந்த முடிவை எடுப்பவர் இன்னார், அவர் கிடைக்காவிட்டால் இன்னார். அதிகாலை நான்கு மணிக்கு, ஏழு மணி நேரம் உழைத்துக் களைத்தவர்கள், இன்னும் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்று ஒருவரையொருவர் நம்ப வைத்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கெடுவைப் புதிதாகத் தீர்மானிக்க முடியாது.